உச்சி இல்லாத சக்கரம்

ஹத்சுயோ ஓடிப்போய்விட்டாள். அதுவும் எஞ்சின் மெக்கானிக் முகாயோடு. அதுவும் காலைக் கப்பலில், ஊரே பார்க்க, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு. அவளுடைய பையை முகாய்தான் தூக்கிக்கொண்டு போனான். நகாசே தீவில் அந்த வாரம் இது தெரியாத ஆள் கிடையாது. துறையில் மீன் தலைக்குக் காத்துக் கிடக்கும் பூனைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

செய்தியின் ஊற்று கிகுயே. சோயாக் கட்டியான தோஃபு, பேட்டரி, கப்பல் டிக்கெட் மூன்றையும் ஒரே ஜன்னல் வழியாக விற்கிறவள். தோஃபு வாங்கினால் செய்தி இலவசம். பேட்டரி வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். காலையில் அவள் சொன்னது, "ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போனாங்க" என்பது மட்டும்தான். மதியத்துக்குள் ஒரே பெஞ்சு ஆனது. சாயங்காலம் அந்தச் செய்தி தீவைச் சுற்றிவிட்டு அவள் ஜன்னலுக்கே திரும்பி வந்தபோது, இருவரும் ஒசாகாவில் நூடுல்ஸ் கடை போட்டிருந்தார்கள். கிகுயேயே அசந்துபோய், "அப்படியா, எனக்குத் தெரியாதே!" என்றாள்.

எல்லாருக்கும் புரியாத விஷயம் ஒன்றுதான். அறுபத்தாறு வயசுப் பெண்பிள்ளை, கட்டினவன் ஆசையாகப் படகுக்குப் புது ஸ்டியரிங் போட்டுக் கொடுத்த கையோடு, அதை மாட்டின ஆளோடு ஏன் ஓட வேண்டும்? "ஸ்டியரிங் போட வந்தவன் அவ மனசையும் திருப்பிட்டான்" என்று ஐஸ் கிடங்கில் ஒரு பேச்சு. நல்ல பேச்சுதான். உண்மையாக இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது வேறு.

யாசுஜியும் ஹத்சுயோவும் புருஷன் பெண்டாட்டிப் படகுக்காரர்கள். இரண்டே ஆள், ஒரே தூண்டில் கயிறு. யாசுஜி படகின் மூக்கில் உட்கார்ந்து கயிற்றைக் கையில் பிடித்திருப்பான். ஹத்சுயோ பின்னால் நின்று ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். அந்த ஓட்டத்துக்கு அடியில் ஒரு பாறை. பாறையில் வசந்த காலத்துச் சங்கரா மீன், பூ நிறத்தில். படகை அந்தப் பாறைக்கு நேர் மேலே அசையாமல் நிறுத்த வேண்டும். ஓடுகிற தண்ணீரில் நிறுத்துவது என்றால் எஞ்சினுக்குக் கியர் போட்டு ஒரு உந்து, கியரை எடுத்து ஒரு சும்மா, மறுபடி ஒரு உந்து. ஒவ்வொரு உந்தும் சரியான திசைக்குப் போக வேண்டும். கொஞ்சம் தப்பினால் கயிறு சாயும். கயிறு சாய்ந்தால் மீன் சிரித்துவிட்டுப் போய்விடும், தூண்டில் முள் பாறையைக் கடிக்கும்.

கயிறு தண்ணீரில் இருக்கும்போது பேசக் கூடாது. மீனுக்குக் கேட்குமாம். கிகுயேயின் புருஷனுக்கு மீனே படாததற்குக் காரணம் இதுதான் என்பார்கள். அதனால் யாசுஜி முழங்கையால் பேசுவான். வலது முழங்கை அசைந்தால் வலப்பக்கம், இடது முழங்கை அசைந்தால் இடப்பக்கம், இரண்டும் விலாவோடு ஒட்டினால் அப்படியே நில். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஹத்சுயோ அவன் முகத்தைப் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். "முகம் மறந்துபோச்சு, முதுகைக் காட்டுங்க, சரியா அடையாளம் சொல்றேன்" என்பாள்.

முழங்கையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அப்படியானால் படகின் பின்னால் தொங்கிப் படகைத் திருப்புகிற எஞ்சின் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் சிவப்புத் துணி. அறுபது வயசு ஆனபோது பிள்ளைகள் ஊர் வழக்கப்படி அவளுக்குச் சிவப்பு மேல்சட்டை வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கிறது என்று யாசுஜி சொன்னான். அவள் அன்றைக்கே கத்திரிக்கோலை எடுத்து ஒரு பட்டை கிழித்து, ஸ்டியரிங் சக்கரத்தின் ஒரு கம்பியில் இறுக்கச் சுற்றிவிட்டாள். துணி உச்சியில் இருந்தால் எஞ்சின் நேர். பார்க்கவே வேண்டாம், கட்டைவிரல் தடவினால் போதும். சட்டைக்கு அதைவிட நல்ல உபயோகம் இருந்திருக்காது.

பழைய ஸ்டியரிங் கேபிளில் ஓடுவது. சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு கம்பி நகர்ந்து எஞ்சினைத் தள்ளும். உப்பு ஏறி, துரு ஏறி, குளிர்காலத்தில் அது விறைத்துக்கொள்ளும். காலையில் கெண்டி நிறைய வெந்நீர் கொண்டுபோய் ஊற்றினால்தான் அசையும். "புருஷனுக்கு டீ போடுறதுக்கு முன்னால படகுக்குப் போடுறா" என்று துறையில் கேலி. போன குளிர்காலத்தில் கேபிளோடு அவள் வலது தோளும் விறைத்துக்கொண்டது. ஐம்பதுத் தோள் என்பார்கள் அதை. அவளுக்கு அறுபத்தைந்தில் வந்தது.

"வயசு குறைஞ்சிருக்குன்னு சந்தோசப்படு" என்றாள் கிகுயே.

சந்தோசப்படுகிற வலி இல்லை அது. சட்டை போட முடியவில்லை. சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை. படகில் இடது கையாலும் வயிற்றாலும் சேர்த்துச் சக்கரத்தைத் தள்ளினாள். யாசுஜி திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை, ஆனால் கயிறு அவனுக்குச் சொன்னது. கயிறு சாய்ந்தது. அவள் இறங்கிவிட்டால் புருஷன் பெண்டாட்டிப் படகு அவ்வளவுதான். மூக்கில் கயிறும் பின்னால் சக்கரமும் ஒரே ஆள் பிடிக்க அவனுக்குக் கை அவ்வளவு நீளம் இல்லை.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் அக்கரையிலிருந்து முகாயை வரவழைத்தான். எண்ணெயில் ஓடுகிற ஸ்டியரிங். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பம்பு, படகு ஓரமாக இரண்டு குழாய், எஞ்சினில் ஒரு உருளை. முகாய் பழைய கேபிளை உருவிக் கரையில் போட்டான். செத்த சாரைப் பாம்பு மாதிரி கிடந்தது. ஹத்சுயோ அதைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசம் இதோடயா மல்லுக்கட்டினேன்?" என்றாள். பழைய சக்கரம் நல்லதாக இருந்ததால் அதையே மாட்டினான். துணியும் அப்படியே இருந்தது. பம்பில் எண்ணெய் ஊற்றி, சக்கரத்தை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பி, குழாயில் இருந்த காற்றுக் குமிழையெல்லாம் வெளியேற்றினான்.

ஹத்சுயோ டீ எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே முகாய் சொன்னான்:

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. எண்ணெய்ல ஓடுறதால சக்கரம் கொஞ்சம் கொஞ்சமா நழுவும். அது கோளாறு இல்ல, குணமே அப்படித்தான். இனிமே சக்கரத்துக்கு உச்சின்னு ஒண்ணு கிடையாது. அக்காவோட அந்தச் சிவப்புத் துணி அழகுக்குத்தான், அதை நம்ப வேண்டாம்னு சொல்லிடுங்க."

யாசுஜி தலையாட்டினான்.

முகாய் நின்றது அவனுடைய இடப்பக்கம். அந்தக் காது எஞ்சின் சத்தத்துக்கு எப்போதோ பலியாகிவிட்டது. யாசுஜி தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை. எதிரே இருப்பவன் பேசி முடித்துவிட்டான் என்று அர்த்தம். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். முகாய் வீட்டு ஆள் இல்லையே.

முதல் நாள் ஹத்சுயோ ஒற்றை விரலால் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது. சுண்டுவிரலால் பார்த்தாள். அதற்கும் திரும்பியது.

"மூக்காலகூடத் திருப்பலாம் போல!" என்று கத்தினாள்.

யாசுஜி தலையாட்டினான். ஆனால் அன்றைக்கு அவன் காது சிவந்திருந்தது. சந்தோசப்பட்டால் அப்படித்தான்.

பாறைக்குப் போனார்கள். கயிறு இறங்கியது. வலது முழங்கை அசைந்தது. கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி உந்தினாள், துணியை உச்சிக்குக் கொண்டு வந்து மறுபடி உந்தினாள். படகு நேராகப் போகாமல் இடப்பக்கம் குத்தியது. கயிறு சாய்ந்தது. புது சாமான், கை பழக வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் வலப்பக்கம் குத்தியது. அடுத்த நாள், துறையில் கட்டி வைத்தபோது உச்சியில் இருந்த துணி, பாறையிலிருந்து திரும்பும்போது பக்கவாட்டில் தொங்கியது. எஞ்சினோ நேராக நின்றது. நான்தான் கம்பி மாற்றிச் சுற்றிவிட்டேனோ என்று நினைத்து, யாசுஜி மீன் பெட்டி தூக்கிப் போன நேரத்தில் அவிழ்த்துச் சரியான கம்பியில் சுற்றினாள். மறுநாள் அதுவும் சரியான கம்பி இல்லை.

இங்கேதான் அவள் பயந்தாள். நேற்றுத் தன் கையால் கட்டியதை இன்றைக்கு வேறு இடத்தில் பார்க்கிறவளுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அவள் அம்மாவுக்கு இருந்தது அந்தப் பெயர். கடைசிக் காலத்தில் ஒற்றைச் செருப்போடு துறையில் நின்று, எப்போதோ நின்றுபோன கப்பலுக்கு டிக்கெட் கேட்பாள். அப்போது ஜன்னலில் இருந்த கிகுயேயின் மாமியார் சிரித்துக்கொண்டே ஒரு வெற்றுத்தாளைக் கிழித்துக் கொடுப்பாள். அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது. "யாரோ நகத்துறாங்க" என்பாள்.

ஹத்சுயோ யாரிடமும் சொல்லவில்லை. தினமும் துணியை மாற்றிக் கட்டினாள். தினமும் அது நகர்ந்தது.

பிறகு அலைத்தடுப்புச் சுவர் விஷயம் நடந்தது. துறை வாசலில் கப்பல் வெளியே வருவதற்காகப் படகை நிறுத்திக் காத்திருந்தார்கள். கப்பல் போனதும், கட்டைவிரல் உச்சியில் துணியைத் தொட, கியரைப் போட்டு உந்தினாள். படகு நேரே போகாமல் திரும்பிச் சுவரில் போய் முட்டியது. பெரிய அடி இல்லை. ஒரு நசுங்கல், ஒரு சத்தம். யாசுஜி மூக்கிலிருந்து பெட்டியோடு உருண்டு அவள் காலடிக்கு வந்தான். மீன் எல்லாம் ஊருக்கு முன்னால் துள்ளியது.

மேலே ஜன்னலிலிருந்து கிகுயே, "ஹத்சு அக்கா, புது ஸ்டியரிங்கா, புதுக் கண்ணாடி வேணுமா?" என்றாள். பிறகு பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அந்த மெதுவான சொல் மட்டும் ஹத்சுயோவுக்குக் கேட்டது. அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர்.

அவள் யாசுஜியின் திட்டுக்குக் காத்திருந்தாள். இப்படி ஒரு காரியத்துக்கு அவன் அவளுடைய தாத்தாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டுவான். அவன் எழுந்தான், முழங்காலைத் தட்டிவிட்டான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"பரவாயில்ல" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை. இவனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் இரக்கப்படுகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். அன்று ராத்திரிச் சோற்றில் மீனின் கன்னச் சதையை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தான். அதுவும் அவன் எப்போதும் செய்யாதது.

யாசுஜிக்கு நிஜமாகவே பயம்தான். அவன் கயிற்றின் பாஷை மட்டும் தெரிந்தவன். கயிறு தினமும் சாய்ந்தது. பின்னால் நிற்கிறவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கயிறு சொன்னது. அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்று நினைத்தான். அதனால் கன்னச் சதையை வைத்தான்.

மறுவாரம் ஒரு காலை, யாசுஜி தொட்டியில் முகம் கழுவும்போது அவள் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்:

"அக்கரை ஆசுபத்திரிக்குப் போயிட்டு வரேன். ராத்திரி அங்கயே விடுதியில தங்கிட்டு நாளைக்கு வந்துடுவேன்."

இடப்பக்கம் நின்று சொன்னாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாசுஜி தலையாட்டினான். வீட்டு ஆள்தான் என்றாலும் அன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவில்லை. "எதுக்கு ஆசுபத்திரின்னுகூடக் கேக்கலையே" என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

உதட்டுச் சாயம் பூசியது உண்மை. டாக்டர் பார்க்கும்போது புத்தி பேதலித்தவள் மாதிரி இருக்கக் கூடாது என்று பூசினாள். பையை முகாய் தூக்கியதும் உண்மை. கூட்டுறவு ஐஸ் மெஷினைப் பழுது பார்த்துவிட்டு அவன் அன்றைக்குத்தான் திரும்பினான். தோள் வலிக்காரி பை தூக்கினால் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவன். ஒரே பெஞ்சும் உண்மை. மற்ற பெஞ்சில் வெங்காய மூட்டை இருந்தது.

முகாய்க்கு வாய் மூடாது. விட்டுப்போன பெண்டாட்டி, விட்டுப்போகாத நாய், முழங்கால், சீட்டாட்டம், எல்லாம் சொன்னான். நடுவில்,

"ஸ்டியரிங் எப்படிக்கா?" என்றான்.

"லேசா இருக்கு."

"வேற தொல்லை ஒண்ணும் இல்லையே?"

அவள் கடலைப் பார்த்தாள். தொல்லை ஸ்டியரிங்கில் இல்லை, என் தலையில் என்று இவனிடம் சொன்னால், இவன் நாயிடம்கூடச் சொல்வான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். பையிலிருந்து ஒரு சோற்று உருண்டையை எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். அவள் அத்தனை நாள் தேடின பதில், பக்கத்தில் உட்கார்ந்து உருண்டைக்குள் வைத்திருந்த ஊறுகாய்ப் பழத்தைத் துப்பிவிட்டுச் சோற்றை மட்டும் தின்றுகொண்டிருந்தது.

ஆசுபத்திரியில் ஒரு சின்னப் பெண் டாக்டர். மலைப்பக்கத்துப் பெண். அன்பாகத்தான் பேசினாள்.

"பாட்டிம்மா, இன்னைக்கு என்ன நாள் சொல்லுங்க பாக்கலாம்."

ஹத்சுயோவுக்கு நாள் என்றால் தண்ணீர்தான். நகாசேயில் எல்லாருக்கும் அப்படித்தான், கடல் ஏறி இறங்குகிற அளவை வைத்துத்தான் நாளுக்குப் பெயர். பெரிய நீர், நடு நீர், சின்ன நீர், நீள நீர், இள நீர். பிள்ளை பெற்றதைக்கூட அப்படித்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

"நீள நீர்" என்றாள்.

"தண்ணி வேணுமா?"

"வேண்டாம்மா. நாளைக்கு இள நீர்."

டாக்டர் தலையைத் திருப்பி நர்ஸைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். மரியாதைக்காக ஹத்சுயோ அதைக் குடித்தாள்.

"சரி. இப்ப நாம எங்க இருக்கோம்?"

"அக்கரையில."

"அக்கரைன்னா?"

"கடலுக்கு அந்தப் பக்கம். இல்ல, இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கத்துக்காரி."

டாக்டர் பேனாவால் எதையோ குறித்தாள். பிறகு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். ஹத்சுயோ வட்டம் போட்டாள். அழகான வட்டம். சக்கரம் மாதிரி. பன்னிரண்டை எழுதப் பென்சிலை உச்சிக்குக் கொண்டு போனாள். கை நின்றது. இதுதான் உச்சியா? நேற்று உச்சி என்று கட்டினது இன்றைக்குப் பக்கத்தில் கிடந்ததே? வட்டத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"அவசரமில்ல பாட்டிம்மா" என்றாள் டாக்டர். அந்தக் குரலில் யாசுஜியின் "பரவாயில்ல" இருந்தது.

அடுத்த முறை வீட்டு ஆளோடு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

இந்தப் பக்கம் யாசுஜி முகம் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான். ஆள் இல்லை. சோறு இருந்தது. தோட்டத்தில் இருப்பாள் என்று சாப்பிட்டான். பிறகு துறைக்குப் போனான். கிகுயே அவனுடைய வலது காதுக்காக ஜன்னலை விட்டு வெளியே வந்து கத்தினாள்.

"உன் பொண்டாட்டி காலைக் கப்பல்ல போயாச்சு, தெரியுமா?"

"தெரியும்" என்றான். தெரியாது.

"முகாயோட போனா."

"தெரியும்."

"பெரிய மனசுப்பா உனக்கு!"

யாசுஜி தலையாட்டிவிட்டுப் போய்ப் படகில் உட்கார்ந்தான். மூக்கில் உட்கார்ந்து பழக்கம், அதனால் மூக்கில் உட்கார்ந்தான். பின்னால் யாரும் இல்லாததால் படகு போகவில்லை. அப்புறம்தான் எழுந்து பின்னால் போனான். சிவப்புத் துணி உச்சியில் இருந்தது. எஞ்சின் நேராக இருந்தது. கிகுயே பார்க்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காகக் கிளப்பினான்.

பாறைக்கு மேலே படகை நிறுத்தப் பார்த்தான். கயிற்றுக்குப் போனால் சக்கரம் போனது, சக்கரத்துக்கு ஓடினால் கயிறு போனது. நண்டு மாதிரி முன்னும் பின்னும் ஓடினான். தூண்டிலைப் பாறை வாங்கிக்கொண்டது. சரி போதும் என்று திரும்பியபோது துணியைப் பார்த்தான். பக்கவாட்டில் இருந்தது. எஞ்சின் நேராக இருந்தது. சக்கரத்தை இரண்டு கோடிக்கும் திருப்பி, எஞ்சினை நேராக்கிப் பார்த்தான். துணி இன்னும் கீழே இறங்கியிருந்தது.

யாசுஜி உட்கார்ந்துவிட்டான். ஆக அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான். இத்தனை நாள் சாய்ந்தது கயிறு இல்லை, நான். அதைக் கண்டுபிடித்துத்தான் அவள் போய்விட்டாள். தலை சரியில்லாத கிழவனோடு யார் இருப்பார்கள்? முகாய்க்கு வயிறு பெரிதாக இருந்தாலும் தலை சரியாக இருக்கிறது.

இப்படி அவன் யோசித்து முடிப்பதற்குள் மூடுபனி வந்துவிட்டது. வசந்தத்துப் பனி அப்படித்தான், கதவைத் தட்டாமல் வரும். தீவு போனது, அக்கரை போனது, படகின் மூக்கு போனது. நேராகப் போகலாம் என்றால் எது நேர் என்று கேட்க அந்தத் துணி ஒன்றுதான் இருந்தது, அதுவும் கால்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, வலது காதைத் திருப்பிக் கேட்டான். ஒன்றும் இல்லை. தண்ணீர் அவனை எங்கேயோ கொண்டுபோனது. "ஹத்சு!" என்று ஒரு முறை கூப்பிட்டான். கயிறு மேலே இருந்ததால் பேசலாம்.

பிறகு தூரத்தில் ஒரு குரல் கேட்டது. கிகுயே. பனியால் கப்பல் ரத்து, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று யாரோடோ சண்டை. கூடவே ஓடிப்போனவர்களின் கதை. யாசுஜி தன் பெண்டாட்டியின் மானம் போகிற அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அங்குலம் அங்குலமாகத் துறைக்குள் வந்து சேர்ந்தான். அன்றைக்குக் கிகுயே வாயை மூடியிருந்தால் யாசுஜி இல்லை.

அக்கரையில் ஹத்சுயோ துறை விடுதியில் மாட்டிக்கொண்டாள். மறுநாளும் கப்பல் ஓடவில்லை. வீட்டுக்குப் போன் செய்தாள். யாசுஜி எடுத்தான். இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தான்.

"நான்தான். பனியால மாட்டிக்கிட்டேன். கேக்குதா? டாக்டர் உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. என் தலை..." என்றாள்.

எதிர்ப்பக்கம் நிசப்தம். பாவம், யாசுஜி அங்கே தலையாட்டிக்கொண்டிருந்தான். போனில் தலையாட்டினால் யாருக்குக் கேட்கும்? என்னைக் கை கழுவிட்டான் என்று அவள் போனை வைத்தாள். விடுதி ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர் மாதிரி பனி. அம்மா கடைசியில் இப்படி ஒரு ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனி விலகி முதல் கப்பல் வந்தபோது துறையில் பாதி ஊர் நின்றது. எல்லாருக்கும் அன்றைக்கென்று பேட்டரி தேவைப்பட்டது. ஹத்சுயோ தனியாக இறங்கினாள். உதட்டுச் சாயம் இல்லை. கூட்டத்துக்கு ஏமாற்றம். யாசுஜி அலைத்தடுப்புச் சுவரில் படகு முட்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தான். தாடி சிரைக்கவில்லை, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

அவள் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்றேன்" என்றான். அவன் முதலில் பேசியதே அதிசயம். "நீ போனது சரிதான். என் தலை போச்சு. துணி தானா நகருது."

ஹத்சுயோ பையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"துணி. நேரா வச்சிட்டுப் போறேன், திரும்பி வர்றப்போ கீழ இருக்கு. யாரும் தொடல. நான்தான் மறந்துடறேன் போலிருக்கு."

"உங்களுக்குமா?"

"எனக்குமாவா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தை. அப்புறம் படகில் இறங்கினார்கள். அவள் துணியை உச்சியில் கட்டினாள். அவன் பின்னால் போய் எஞ்சின் பக்கம் குந்தினான். "திருப்பு" என்றான். அவள் இந்தக் கோடிக்குத் திருப்பினாள், அந்தக் கோடிக்குத் திருப்பினாள், மறுபடியும், மறுபடியும். "நேராயிடுச்சு, நிறுத்து" என்றான். அவள் கையை எடுத்தாள்.

துணி உச்சியில் இல்லை. ஒரு சாண் தள்ளி நின்றது. இரண்டு பேரும் பார்த்தார்கள். பட்டப்பகலில், கண் முன்னால், யாரும் தொடாமல்.

ஹத்சுயோ சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மேலே நின்ற கூட்டத்துக்குத் தெரியவில்லை. கிகுயே அழுகை என்று பந்தயம் கட்டினாள்.

"முகாய் அன்னைக்கு ஏதோ சொன்னான்" என்றான் யாசுஜி மெதுவாக.

"என்ன சொன்னான்?"

"தெரியல. தலையாட்டினேன்."

அவள் பையை எடுத்து அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். அவளுக்கு மிகவும் பழக்கமான முதுகு. வலது கையால்தான் அடித்தாள், தோள் வலிக்கவில்லை.

முகாயைப் போனில் பிடித்தார்கள். "அன்னைக்கே அண்ணன்கிட்ட சொன்னேனே! எண்ணெய் ஸ்டியரிங்குக்கு உச்சி கிடையாதுன்னு. ஏன்க்கா, கப்பல்ல பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றான். பிறகு நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

அந்த வருஷத்து மீன் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. பூ நிற மீன் எல்லாம் மற்றவர்கள் படகுக்குப் போய்விட்டது. ஹத்சுயோ துணியைச் சக்கரத்திலிருந்து அவிழ்த்து, யாசுஜியின் தொப்பியில் வலது காதுப் பக்கமாக வைத்துத் தைத்துவிட்டாள். பேச வேண்டியவர்கள் சிவப்பு இருக்கிற பக்கம் வந்து பேசலாம். இப்போது அவள் ஒவ்வொரு உந்துக்கும் முன்னால் கழுத்தைத் திருப்பி எஞ்சினைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கிற அந்த நொடியில் முழங்கை என்ன சொன்னது என்பது தெரியாமல் போகிறது. கட்டைவிரல் இன்னும் வெறும் கம்பியைத் தடவுகிறது. இல்லை என்று தெரிந்தும் தடவுகிறது. ஆசுபத்திரிக்காரர்கள் மறுபடி வரச் சொன்ன நாள் நெருங்குகிறது. போகிறேன் என்கிறாள். போகாமல் இருந்தால் ராத்திரி தூக்கம் வராதாம். தேதியை இப்போதே மனப்பாடம் செய்கிறாள், ஆனால் நடுவில் நடு நீர் வந்து குறுக்கே விழுந்துவிடுகிறது.

தோஃபு வாங்க அவள் ஜன்னலுக்கு வந்த அன்று, கடையில் கூட்டம் இருந்தது. கிகுயேக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் ஹத்சு அக்கா, மெக்கானிக்கோட நீ ஓடிப்போயிட்டேன்னு ஊரே சொல்லுதே?"

ஹத்சுயோ தோஃபுவை வாங்கிப் பாத்திரத்தில் வைத்தாள்.

"ஓடல. இந்த வயசுல எங்க ஓடுறது? கப்பல்ல உக்காந்துதான் போனேன். எனக்குப் பைத்தியமான்னு பாக்கப் போனேன். பைத்தியம் நான் இல்ல, ஸ்டியரிங். ஓடுறதா இருந்தா, வாய மூடுற ஆளோட போயிருப்பேன். இன்னொரு கட்டி கொடு, அவரு பசியோட இருக்காரு."